செக் போட்ட நாளும் பணம் வரும் நாளும்: கடற்கரை வியாபாரத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் நண்டு, இறால், கருவாடு, பாசி என எதை வாங்கி விற்றாலும், தொழில் சற்று வளர்ந்தவுடன் ஒரு நடப்புக் கணக்கும் ஒரு காசோலைப் புத்தகமும் கைக்கு வந்துவிடுகின்றன. அந்தப் புத்தகத்தை வாங்கும் நாளில் கையெழுத்து எங்கே போடுவது, கோடு எப்படி இழுப்பது என்பதையெல்லாம் வங்கியில் சொல்லிக்கொடுப்பார்கள். கொடுத்த காசோலை எந்த நேரத்தில் நம் கணக்கைத் தொடும், வாங்கிய காசோலையின் பணம் எந்த நேரத்தில் நம் கணக்கில் சேரும் என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. கணக்கில் பணம் பற்றாமல் போவதற்கும், காசோலை திரும்புவதற்கும், ஓவர்டிராஃப்ட் எனப்படும் மிகைப்பற்று வரம்பைத் தாண்டுவதற்கும் வருமானக் குறைவைவிட இந்த நேர வேறுபாடுதான் அடிக்கடி காரணமாகிறது என்பதைப் பல ஆண்டுகளாக என் அத்தானின் நண்டு வியாபாரத்தின் கணக்கை எழுதிவரும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்றும் வருத்தம் தருவது. 2018இல் தூத்துக்குடிக் கம்பெனி ஒன்று அத்தானின் பெயருக்குக் கொடுத்த 85,000 ரூபாய் காசோலையை ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் எங்கள் கிளையில் போட்டேன். மறுநாள் காலை பாஸ்புக்கை அச்சிட்டுப் பார்த்தபோது, முன்பிருந்த 12,300 ரூபாயுடன் அந்த 85,000மும் சேர்ந்து 97,300 என்று கடைசி வரியில் நின்றது. அதை நம்பி, கீழக்கரையில் வலைக்கடை வைத்திருக்கும் பாய்க்கு 60,000 ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கொடுத்தேன். அவருடைய கணக்கும் எங்கள் வங்கியின் கீழக்கரைக் கிளையிலேயே இருந்தது. ஒரே வங்கிக்குள் போடும் காசோலை, வங்கிகள் தங்களுக்குள் காசோலைப் பணத்தைத் தீர்த்துக்கொள்ளும் கிளியரிங்குக்குப் போகாது. கவுண்டரில் வாங்கிய ஊழியர் கணினியில் ஏற்றிய நிமிடமே அது எங்கள் கணக்கைத் தொட்டுவிட்டது. தூத்துக்குடிக் காசோலையோ அப்போதும் கிளியரிங்கில்தான் இருந்தது.

மாலையில் பாய் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, உங்க செக்கு திரும்பி வந்துருச்சு. மெமோ குடுத்திருக்காங்க, என்னன்னு பாருங்க” என்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த மெமோவில் ‘எஃபெக்ட்ஸ் நாட் கிளியர்ட், பிரசென்ட் அகெய்ன்’ என்ற வரிக்கு எதிரே டிக் அடித்திருந்தார்கள். கணக்கில் போட்ட காசோலையின் பணம் இன்னும் வந்து சேரவில்லை, பிறகு மீண்டும் போடுங்கள் என்பது அதன் பொருள். காசோலை திரும்புவதற்கு வங்கிகள் வைத்திருக்கும் காரணப் பட்டியலில் பணம் போதவில்லை என்பது 01, அனுமதித்த வரம்பு மீறப்பட்டது என்பது 02, நான் வாங்கிய இந்தக் காரணம் 03. தனி எண் கொடுத்துப் பட்டியலில் வைக்கும் அளவுக்கு இந்தத் தவறு வழக்கமானது.

பாஸ்புக்கின் கடைசி வரியை எப்படிப் படிப்பது

ஆகவே, முதலில் செய்ய வேண்டியது இரண்டு தொகைகளைப் பிரித்துப் பார்க்கப் பழகுவது. பாஸ்புக்கிலோ செயலியிலோ ‘பேலன்ஸ்’ என்று தெரிவதில் இன்னும் தெளியாத, அதாவது பணம் வந்து சேராத காசோலையும் சேர்ந்திருக்கலாம். ‘அவைலபிள் பேலன்ஸ்’ என்று தனியாகக் காட்டப்படுவதே இந்த நிமிடம் எடுக்கக்கூடிய பணம். நடப்புக் கணக்கில் மிகைப்பற்று வசதி இருந்தால், சில வங்கிகளின் செயலி அந்த வரம்பையும் இந்தத் தொகைக்குள் கூட்டியே காட்டும் என்பதால், காட்டப்படுவது சொந்தப் பணமா, வாங்கக்கூடிய கடனா என்பதைக் கிளையில் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கவுண்டரில் கேட்கும்போது “கிளியர் பேலன்ஸ் எவ்வளவு, ஹோல்டில் எவ்வளவு?” என்றே கேளுங்கள். “அக்கவுண்டில் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டால் பாஸ்புக்கின் கடைசி வரியையே பதிலாகச் சொல்லிவிட வாய்ப்புண்டு.

வேறொரு வகையும் உண்டு. நன்கு பழகிய வாடிக்கையாளர்களுக்குச் சில கிளைகள், காசோலை தெளியும் முன்பே பணத்தை எடுக்க அனுமதிக்கும். அது வங்கி நம்மை நம்பிக் கொடுக்கும் முன்பணம். கொடுத்தவரின் காசோலை திரும்பினால் அந்தத் தொகையை வட்டியுடனும் காசோலை திரும்பியதற்கான கட்டணத்துடனும் நம் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் நாம் டீசலுக்கும் ஐஸுக்கும் செலவழித்திருந்தால், மிகைப்பற்று வசதியே இல்லாத கணக்கும் கழித்தல் குறியோடு நிற்கும்.

காசோலை போகும் வழி

காகிதம் இப்போது ஊர் ஊராகப் பயணம் செய்வதில்லை. காசோலையை வாங்கும் கிளை அதைப் படமெடுத்து அனுப்ப, பணம் கொடுக்க வேண்டிய வங்கி அந்தப் படத்தைப் பார்த்துச் சம்மதமோ மறுப்போ சொல்கிறது. காகிதம் வாங்கிய வங்கியிலேயே தங்கிவிடும். முன்பு இந்தப் படங்கள் தொகுதி தொகுதியாகப் போயின. பணம் வர ஒன்று முதல் இரண்டு வேலை நாட்கள் ஆயின. 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி இதைத் தொடர் கிளியரிங்காக மாற்றிவிட்டது. ஸ்கேன் செய்யப்படும் காசோலைகள் பகல் முழுவதும் உடனுக்குடன் அனுப்பப்படுகின்றன. பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சம்மதித்ததாகவே கொள்ளப்படும்.

வேகம் கூடியது நல்லதுதானே என்று தோன்றும். வாங்கும் காசோலைக்கு நல்லது. ஆனால் நம் கடற்கரையில் தலைமுறையாக ஒரு பழக்கம் இருந்தது: ஐஸ் கம்பெனிக்கு இன்றைக்குக் காசோலை கொடுப்பது, அது வருவதற்குள் நாளைய ஏலப் பணத்தைக் கணக்கில் கட்டிவிடுவது. அந்த ஒன்றிரண்டு நாள் இடைவெளியை நம்பித்தான் பலர் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது காலையில் கொடுத்த காசோலையை வாங்கியவர் உடனே போட்டுவிட்டால் மாலைக்குள் நம் கணக்கைத் தொட்டுவிடும். பழைய பழக்கத்தை மூத்தவர்களிடமிருந்து அப்படியே கற்றுக்கொண்டு வரும் இளைஞர்களுக்குத்தான் இதை மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மேலும், காசோலையைப் ‘போட்ட நேரம்’ வேறு, கிளியரிங்குக்கு ‘அனுப்பிய நேரம்’ வேறு. ஒவ்வொரு கிளையும் பகலில் ஒரு குறிப்பிட்ட நேரம் வரை வாங்குவதைத்தான் அன்றைய கிளியரிங்கில் சேர்க்கும். அதன் பின் பெட்டியில் விழுவது அடுத்த வேலை நாளில்தான் ஸ்கேன் ஆகும். உங்கள் கிளையின் அந்த நேரத்தைக் கேட்டு, செலான் கட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுத்து, முத்திரை குத்திய செலான் பாதியை வாங்கிக்கொள்வது சிறந்தது. பிற்பாடு தாமதம் பற்றிக் கேட்க வேண்டிவந்தால் அந்த முத்திரையின் தேதி நமக்குச் சாட்சி.

விடுமுறை நாளில் ஒரு கை மட்டும் நீளும்

கடன் தவணை தானாகப் பிடிக்கப்படும் ‘நாச்’ முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் எல்லா நாளும் இயங்குகிறது. காசோலையோ கிளை திறந்திருக்கும் நாளில்தான் நகரும். ஞாயிறும் இரண்டாம், நான்காம் சனியும் கிளை இல்லை. வெளியே போகும் பணத்துக்கு விடுமுறை கிடையாது, உள்ளே வரும் காசோலைக்கு உண்டு. 2026 பொங்கலை வைத்து இதைப் பார்த்தால் நன்றாக விளங்கும். தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஜனவரி 14, புதன். கணக்கில் தெளிந்த பணம் 18,750 ரூபாய். மாலை 4.30 மணிக்குக் கம்பெனியின் 62,400 ரூபாய் காசோலையைப் பெட்டியில் போடுகிறீர்கள். அன்றே ஐஸ் கம்பெனிக்கு 9,800 ரூபாய்க்குக் காசோலை கொடுக்கிறீர்கள். எண்பதாயிரத்துக்கு மேல் வைத்துக்கொண்டு பத்தாயிரத்துக்கும் குறைவாகக் கொடுப்பதாகத்தான் மனம் சொல்லும். வியாழன் பொங்கல், வெள்ளி திருவள்ளுவர் தினம், சனி உழவர் திருநாள், அடுத்தது ஞாயிறு: நான்கு நாளும் கிளை மூடியிருக்கிறது. இடையில் 15ஆம் தேதி எஞ்சின் கடனின் தவணை 14,200 ரூபாய் போய்விட, கணக்கில் 4,550 ரூபாய் மீதியாகிறது. திங்கள் 19ஆம் தேதி காலையில் உங்கள் கிளை பெட்டியைத் திறந்து 62,400க்கான காசோலையைப் படமெடுக்கிறது. அதே காலையில் ஐஸ் கம்பெனிக்காரரும் தம் கிளையில் உங்கள் காசோலையைப் போடுகிறார். நண்பகலில் உங்கள் வங்கி அதைப் பார்க்கும்போது 9,800க்கு 5,250 ரூபாய் குறைகிறது, திருப்பி அனுப்பிவிடுகிறது. மாலையில் 62,400 வந்து சேர்ந்து 66,950 ரூபாயாகக் கணக்கு நிறைகிறது. ஒரே நாளில் வந்த வரவும் பற்றும் எந்த வரிசையில் ஏறுகின்றன என்பது நம் கையில் இல்லாத விஷயம்.

இந்த இடத்தில் தப்பிக்க மூன்று வழிகள் இருந்தன. புதன் காலையிலேயே, கிளையின் நேரத்துக்குள், காசோலையைக் கொடுத்திருக்கலாம். ஐஸ் கம்பெனிக்கு எழுதியதில் ஜனவரி 20 என்று தேதி போட்டு, அவரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்; காசோலையில் உள்ள தேதிக்கு முன்னால் வங்கி அதற்குப் பணம் கொடுக்காது. எல்லாவற்றையும்விட மேலானது, கம்பெனியிடம் காசோலைக்குப் பதில், கணக்கிலிருந்து கணக்குக்கு மின்வழியில் பணம் அனுப்பும் நெஃப்ட் மூலம் அனுப்பக் கேட்பது. 2019 டிசம்பர் முதல் அது இரவு பகல், விடுமுறை என்ற வேறுபாடின்றி அரை மணிக்கு ஒரு தொகுதியாக இயங்குகிறது. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால், உடனுக்குடன் பணம் சேரும் ஆர்.டி.ஜி.எஸ். முறை உண்டு. “நாங்க எப்பவும் செக்குதான் குடுப்போம்” என்ற பதில் வரும். வந்தாலும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நாங்கள் கேட்டுக் கேட்டே இரண்டு கம்பெனிகளை மாற்றியிருக்கிறோம்.

மிகைப்பற்று வசதியைப் புரிந்துகொள்வது

சேமிப்புக் கணக்கில் பொதுவாக இந்த வசதி கிடையாது. பணம் இல்லையென்றால் காசோலை திரும்பும். ஜன்தன் கணக்கில் தகுதி உள்ளவர்களுக்கு 10,000 ரூபாய் வரை உண்டு. நடப்புக் கணக்கில் சொத்து அல்லது வைப்புத்தொகை ஈட்டின் பேரில் வரம்பு நிர்ணயித்துத் தருவார்கள். எடுத்த தொகைக்கு, எடுத்து வைத்திருந்த நாட்களுக்கு மட்டும் வட்டி. மேலே சொன்ன 5,250 ரூபாயை ஒரு நாளைக்கு 12 சதவீத வட்டியில் வங்கி கொடுத்திருந்தால், வட்டி ஒரு ரூபாய் எழுபத்து மூன்று காசு. திரும்பிய காசோலைக்கு நூற்றுக்கணக்கில் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஐஸ் கம்பெனிக்காரருக்கு அவர் வங்கியில் ஒரு கட்டணம், நாளைக்கு அவர் நமக்குக் கடனுக்கு ஐஸ் தருவாரா என்ற கேள்வி ஆகியவற்றோடு ஒப்பிட்டால், தொடர்ந்து வியாபாரம் செய்பவர் ஒரு சிறிய வரம்பை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நியாயம் என்பதே என் கருத்து. ஆனால் அதை இடைவெளியை அடைக்கும் பலகையாக மட்டும் வைத்திருக்க வேண்டும். வரம்பு முழுவதையும் முதலாகப் போட்டு ஓட்டிவிட்டால், மாதக் கடைசியில் வங்கி எழுதும் வட்டியே வரம்பைத் தாண்டவைத்து, அடுத்த காசோலையை 02ஆம் காரணம் காட்டித் திருப்பும்.

கருவாட்டுச் சரக்கை ஈடாகக் காட்டி, கேஷ் கிரெடிட் எனப்படும் கடன் வரம்பு வாங்கியிருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தில் ஐந்து லட்சம் என்று இருந்தாலும், நாம் கொடுக்கும் சரக்குக் கணக்கின்படி எவ்வளவு எடுக்கலாம் என்பது மாறிக்கொண்டே இருக்கும். சரக்குக் குறைந்தால் எடுக்கும் அளவும் குறையும். கணக்கையே கொடுக்காமல் விட்டால் அதைக் காரணம் காட்டியே குறைத்துவிடுவார்கள். கடிதத்தில் உள்ள எண்ணை நினைவில் வைத்துக் காசோலை எழுதி மாட்டிக்கொள்பவர்கள் இந்தக் கணக்குக்காரர்களில்தான் அதிகம்.

நோட்டில் எழுத வேண்டியது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் கொடுத்த காசோலைகள்: எண், தேதி, யாருக்கு, எவ்வளவு, எந்த வங்கியில் போடுவார். கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும். அது நம் கணக்கில் கழிந்த தேதியை எழுத. வலப்பக்கம் வாங்கிய காசோலைகள்: யாரிடம், எவ்வளவு, செலான் தேதி, தெளிந்த தேதி. இடப்பக்கத்துத் தொகையை எழுதிய நொடியே பணம் போய்விட்டதாகக் கழிக்க வேண்டும். வலப்பக்கத்துத் தொகையை, தெளிந்த தேதி எழுதிய பிறகே வந்ததாகக் கூட்ட வேண்டும். பாஸ்புக்கைப் பார்க்காமல் இந்த மீதியை மட்டும் பார்த்து அடுத்த காசோலையை எழுதுங்கள்.

கடைசிக் கட்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், காசோலைக்கு அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாத உயிர் உண்டு. படகுத் தச்சர் ஒருவருக்கு நாம் கொடுத்த 7,500 ரூபாயை அவர் வீட்டில் பீரோவிலேயே வைத்திருந்து, மகள் சீமந்தத்துக்கு என்று பத்து வாரம் கழித்துக் கொண்டுபோய்ப் போடுவார். அதற்குள் அந்தப் பணம் கணக்கில் மிச்சமாகத் தெரிந்து நாம் செலவழித்திருப்போம். கட்டம் காலியாக இருக்கும் ஒவ்வொரு வரியும் வெளியே நிற்கும் பணம். வாரம் ஒருமுறை, படகு கடலுக்குப் போகாத ஒரு நாளில், பாஸ்புக்கோடு உட்கார்ந்து அந்தக் கட்டங்களை நிரப்பிவிடலாம்.

நோட்டின் முதல் பக்கத்தில் தானாகப் பிடிக்கப்படும் தொகைகளையும் அவற்றின் தேதிகளையும் எழுதி ஒட்டுங்கள்: தவணை, காப்பீடு, கார்டு கட்டணம். தவணைக்கான பணம் முந்தைய நாள் மாலையே தெளிந்த பணமாக இருக்க வேண்டும். அன்று காலையில் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், பிடிப்பு அதற்கு முன்பே வந்து திரும்பியிருக்கும், வங்கியும் கடன் கொடுத்த கம்பெனியும் தனித்தனியே கட்டணம் போடும். அவசரம் என்றால் ரொக்கம் கட்டும் இயந்திரம், யு.பி.ஐ. ஆகியவை உடனே கணக்கில் சேரும். பெரிய தொகைக்குக் காசோலை கொடுப்பவர்கள், ஐந்து லட்சமும் அதற்கு மேலும் என்றால், எண்ணையும் தொகையையும் முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் ‘பாசிட்டிவ் பே’ முறையைக் கட்டாயமாக்கியிருக்கிறார்களா என்று கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பிவிட்டால்

காசோலை திரும்பியது தெரிந்த அன்றே வாங்கியவரை நேரில் பாருங்கள். முடிந்தால் தொகையை நெஃப்ட் மூலம் அனுப்பிவிட்டு, பழைய காசோலையைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். பணம் போதாமல் திரும்பும் காசோலை, 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகலாம். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அவர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். அது கிடைத்த 15 நாட்களுக்குள் நாம் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். “எனக்கு வரவேண்டிய செக்கு திரும்பியதால்தான் நான் கொடுத்ததும் திரும்பியது” என்பது உண்மையாகவே இருந்தாலும், அது நம்மைக் காப்பாற்றும் பதில் ஆகாது. நோட்டீஸை வாங்க மறுப்பதும் உதவாது. வாங்கி, அந்த 15 நாட்களைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

தவறு வங்கியுடையது என்றால், அதாவது நேரத்தில் கொடுத்த காசோலையை அனுப்பாமல் வைத்திருந்தார்கள் என்றால், முத்திரையிட்ட செலானுடன் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

தடைக்காலத்துக்கு முன்பு

நம் கரையில் ஆண்டின் கடினமான நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்க, வரவு ஏறக்குறைய நின்றுவிடும், தவணை நிற்காது. மார்ச் மாதத்திலேயே இரண்டு வேலைகளை முடிக்க வேண்டும். வெளியே நிற்கும் காசோலைகளின் வரிகளை எண்ணி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “செக்கை எப்பப் போடுறீங்க?” என்று கேட்டுத் தேதியை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கம்பெனிகளிடமிருந்து வரவேண்டியதை மார்ச் இறுதிக்குள் வாங்கப் பாருங்கள். ஏப்ரல் 1ஆம் தேதி ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக வங்கிகள் வாடிக்கையாளர்களுக்குத் திறந்திருக்காது, அதனால் மார்ச் 31 மாலையில் போடும் காசோலை இரண்டாம் தேதிக்குத் தள்ளிப்போகும். அன்றைக்கும் விடுமுறை என்றால் இன்னும் தள்ளும். மேயிலும் ஜூனிலும் வரும் இரண்டு தவணைகளின் தொகையை அந்த வரவிலிருந்தே எடுத்து, காசோலைப் புத்தகம் இல்லாத வேறொரு சேமிப்புக் கணக்கில் வைத்துவிட்டு, தவணைக்கு முந்தைய நாள் மாற்றிக்கொள்ளலாம்.

மே மாதக் கடைசி வாரத்தில், கையில் ஒன்றுமே இல்லாத அந்த நாட்களில், பிரதமரின் ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும் விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். அந்த நேரத்தில் பணம் இல்லையென்றால் கடலுக்குப் போகும் ஆளின் காப்பீடு ஜூன் 1 முதல் தொடராமல் அறுந்துபோகும். ஆகவே படகில் வேலை செய்யும் ஒவ்வொருவரின் கணக்கிலும் இந்த 456 ரூபாய் ஏப்ரல் 14ஆம் தேதிக்குள் இருக்கிறதா என்று அத்தானின் படகுக்காரர்களிடம் நான் ஒவ்வொரு ஆண்டும் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிடுகிறேன்.